என் பேரில் ஓடிய கார்

காரில் ஏறியதும் அவள் முதலில் செருப்பைக் கழற்றுவாள். கழற்றியதைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, துப்பட்டாவின் இரண்டு நுனியையும் முதுகுப் பக்கம் கொண்டுபோய் ஒரு முடிச்சுப் போடுவாள். பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகுவாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே எனக்கு ஒரு வார்த்தை சொல்வாள்.

"கண்ணை மூடிக்கங்க சாச்சி. தொறக்கும்போது அங்க இருப்போம்."

நான் மூடிக்கொள்வேன். நான்கு வருஷம் அப்படித்தான் போனேன். நத்தம், வத்தலக்குண்டு, மதுரை என்று எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வழியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வளைவு தெரியும், பள்ளம் தெரியும், லாரி ஹாரன் எந்தக் காதில் நுழைந்து எந்தக் காதில் போகிறது என்று தெரியும். மற்ற நேரமெல்லாம் எனக்குத் தெரிந்த குர்ஆன் ஆயத்துகளை ஓதிக்கொண்டே இருப்பேன். ஓதி முடிப்பதற்குள் வண்டி நின்றுவிடும். அவ்வளவு வேகம்.

எனக்குச் சீட்டு கிடையாது. எட்டுப் பேர் போகிற அந்த வெள்ளைக் காரில் பின் சீட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டாள். அந்த இடத்தில் பிரியாணித் தேக்சா இரண்டு உட்கார்ந்திருக்கும், தம் போட்டு மூடியைச் சுற்றி மைதா மாவு அப்பியபடி. தேக்சாவுக்கும் கார்க் கதவுக்கும் நடுவில் ஒரு பலகைக்கட்டை. அதில் நான். சாக்கை மடித்து அணைகொடுத்து, வளைவில் தேக்சா சரியாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அதற்கு முன்னால் வெங்காயம் பூண்டு உரிப்பேன். அதற்குப் பின்னால் பாத்திரம் கழுவுவேன்.

பேகம்பூரில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது எதுவானாலும் பிரியாணி ஆர்டர் எடுப்பாள். புருஷன் பார்த்த தொழில். அவர் மவுத்தான பிறகு இவள் கரண்டியை எடுத்தாள். எனக்கு அவள் உறவில்லை. என்றாலும் சின்னம்மா முறை வைத்துச் சாச்சி என்றுதான் கூப்பிடுவாள். பேரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். சொல்லவும் எனக்குப் பயம்தான்.

மெதுவாகச் செய்ய அவளுக்கு வராது. நான் ஒரு வெங்காயம் உரிப்பதற்குள் மூன்று உரித்துவிடுவாள். சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவாள். சூடான டீயில் பச்சைத் தண்ணீரை ஊற்றி மடக்கென்று குடிக்கிற ஆளை நான் அவள் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். வாசலில் ஆரம்பித்த பேச்சின் மறுபாதி தெருமுனையிலிருந்து கேட்கும். விடிந்தும் விடியாமலும் கறிக்கடையில் போய் நிற்பாள்.

"யக்கா, ஆடு இன்னும் உசுரோட நிக்குது. அதுக்குள்ள கறியைக் கேட்டா நான் என்ன செய்ய?" என்பார் கடைக்காரர்.

"சாகுறதுக்கும் உங்க கடையில வரிசையா?" என்பாள் இவள். கடையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நான் மட்டும் அவள் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வராது.

அந்த வாய் திறக்காத குணத்துக்காகத்தான் கார் என் பேருக்கு வந்தது.

அவள் புருஷன் காருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பேர் மாற்றுவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். விற்றவர், உடனே பேரை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு ஆளுக்குத் தருகிறேன் என்று நெருக்கினார். இவள் இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தானால் எங்களில் பெண்பிள்ளை நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதைத்தான் இத்தா என்பது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். கொழுந்தன் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக வாசலில் உட்கார்ந்திருந்தார். இவள் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள்.

"சாச்சி, கொழுந்தன் பேருக்குப் போனா வண்டி கொழுந்தன் வாசல்லதான் நிக்கும். நீங்க போயி உங்க பேருல மாத்திட்டு வாங்க."

"நானா? எனக்கு என்னத்தா தெரியும்?"

"தெரியாததுனாலதான் அனுப்புறேன். நாலு மாசம்தான். இத்தா முடிஞ்சதும் என் பேருக்கு மாத்திக்கிறேன்."

நான் போனேன். நீட்டிய இடத்தில் எல்லாம் என் பேரை எழுதினேன். ஆதார் அட்டையைக் கொடுத்தேன். போன் நம்பர் கேட்டார்கள், என் சின்ன போனின் நம்பரைக் கொடுத்தேன். வேறு நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. இத்தா முடிந்தது. எதையும் தள்ளிப்போடாத அவள், அந்த ஒரு காரியத்தை மட்டும் தள்ளிக்கொண்டே போனாள். "அடுத்த வாரம் மாத்திரலாம் சாச்சி" என்பாள். அடுத்த வாரம் ஆர்டர் வந்துவிடும்.

இத்தா முடிந்து அவள் எடுத்த முதல் ஆர்டர் சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணம். அப்போது அவளுக்கு ஓட்டத் தெரியாது. கூலிக்கு ஒரு டிரைவர் வந்தார். பக்கத்து ஊர்தானே என்று அவர் டீ குடிக்க நிறுத்தினார், டயருக்குக் காற்றுப் பிடிக்க நிறுத்தினார், தெரிந்த ஆளைப் பார்த்ததும் இறங்கிப் பேசினார். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, தெளித்த தண்ணீர் காய்ந்துவிட்டது. பாதிப் பேர் எழுந்து கைகழுவாமலே போய்க்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா காலி இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்தான் சொன்னார்.

"பொம்பளையை நம்பி அடுப்பை விட்டதுக்கு நமக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்."

அவள் தம்மை உடைத்து, இருந்தவர்களுக்குப் பரிமாறினாள். அவசரத்தில் சோறு இலைக்கு வெளியே விழுந்தது.  மறுநாள் காலையில் டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றாள். அதற்குப் பிறகு யாரையும் அந்த ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. வண்டி எப்போதாவது மட்டுப்பட்டால், "பந்தி உக்காந்திருக்கும் சாச்சி, பந்தி உக்காந்திருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மிதிப்பாள். பந்திக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தாலும் அப்படித்தான்.

முதல் மெசேஜ் வந்த அன்று நான் மத்தியானம் படுத்திருந்தேன். போன் டிங் என்றது. இங்கிலீஷ். எனக்குத் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எண் தெரியும். எங்கள் கார் நம்பர் அதில் இருந்தது. பேகம்பூர் முக்கில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற பெண்ணிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"பெரியம்மா, நீங்க கார் ஓட்டுறீங்களா?" என்று அவள் கண்ணை விரித்தாள். "ஓவர் ஸ்பீடாம். ஆயிரம் ரூபா ஃபைன் போட்டிருக்கு. போலீஸ் சலான் இது."

 என் பேரும் போலீசும் ஒரே சீட்டில் இருப்பதை என் வயதில் முதல் தடவையாகப் பார்த்தேன். நேராக அவளிடம் போனேன். அவள் சிரித்தாள்.

"இதுல போட்டோவும் வருமாமே. அதுல உங்க தலை தெரியுதா சாச்சி?"

"வெளையாடாத ஆத்தா. போலீசு வீட்டுக்கு வருமா?"

"ஒரு ஆயிரத்துக்குப் போலீசு பேகம்பூரு வரைக்கும் வருமா? பெட்ரோல் செலவுக்கே அவுகளுக்குக் காணாது. கட்டிருவோம், விடுங்க."

அந்த ஒன்றைக் கட்டினாள். இரண்டாவதையும் கட்டினாள். அப்புறம் மாதத்துக்கு ஒன்று என்று வந்தது, சில மாதம் இரண்டு. வேகம் போன அன்றைக்கே வராது. மூன்று நாள் கழித்து வரும், சில நேரம் பத்து நாள் கழித்து வரும். போய்வந்து முடிந்த பயணத்துக்குப் பிறகும் பயப்பட வேண்டியிருந்தது. ரீசார்ஜ் கடைக்கு வேறு யாராவது நின்றால் அவர்கள் போகும்வரை எதிரே நிற்பேன். போனை முந்தானையில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்துப் பார்த்தேன். அரிசிக்குள்ளிருந்தும் டிங் என்றது.

கோபித்துக்கொள்ள முடிகிற ஆளும் இல்லை அவள். எனக்கு முட்டி வலி என்றால் மதுரை ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போவாள். தேக்சாவில் முதலில் வழிக்கிற சோற்றை எனக்கென்று தனியாக எடுத்துவைப்பாள். "வெஞ்சனம் இல்லாம தின்னா இறங்குமா?" என்று தாளிச்சாவைத் தூக்கில் ஊற்றிக் கொடுப்பாள். இப்படி ஒருத்தியிடம், மெதுவாகப் போ என்று சொல்ல எனக்கு நான்கு வருஷமும் வாய் வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை இன்சூரன்ஸ் போடுகிற தம்பி வருவார். வேதக்காரப் பிள்ளை, கழுத்தில் சிலுவை போட்டிருப்பார், மிகவும் மரியாதையானவர். முதல் வருஷம் சிரித்துக்கொண்டு வந்தார். அந்த வருஷமே அவள் முன்னால் போன லாரியின் வாலில் முட்டினாள். இரண்டாம் வருஷம் பைபாஸில் நடுச்சுவரில் உரசினாள். இரண்டுக்கும் இன்சூரன்ஸில் பணம் வாங்கினாள். மூன்றாம் வருஷம் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"யக்கா, கிளெய்ம் வாங்காம இருந்தா கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொறைச்சுப் போடுவான். நீங்க வாங்கிட்டே இருக்கீங்க, அவன் ஏத்திக்கிட்டே இருக்கான்."

"ஆசைப்பட்டா தம்பி முட்டுறேன்?"

"ஸ்பீடு சலான் வேற இம்புட்டு நிக்குது. இனிமே சலானையும் பாத்துதான் ரேட்டுப் போடுவாங்கன்னு பேச்சு அடிபடுதுக்கா. செத்த மெதுவாத்தான் போங்களேன்."

"மெதுவாப் போனா நீங்க வந்து பந்தியில நிப்பீங்களா?" என்றாள் அவள்.

அவர் பையை மூடினார். கிளம்பும்போது, வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் குனிந்தார்.

"பாயம்மா, ஆர்.சி. உங்க பேருல இருக்கு, தெரியும்ல? இன்சூரன்ஸ் இல்லாத நேரத்துல ஒரு ஆளு மேல பட்டுச்சுன்னா, ஓட்டுனவங்களோட சேத்து உங்களையும் கோர்ட்டுல நிறுத்துவாங்க. நஷ்டஈடு உங்ககிட்டதான் கேப்பாங்க. சொந்த வீடு இருக்கா?"

இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே ஓடு. என் வீட்டுக்காரர் விட்டுப்போனது. எனக்குப் பிறகு என் மகளுக்கு. இருக்கு என்று சொல்லக்கூட பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

நான்காம் வருஷம் இன்சூரன்ஸ் தம்பி சொன்ன தொகையைக் கேட்டு அவள் கணக்குப் போடவே இல்லை. "இந்த மாச ஆர்டரு முடியட்டும், கட்டிரலாம். பத்து நாளைக்குள்ள என்ன ஆயிரும்?" என்றாள். நான் அடுப்படி நாட்காட்டியில் இன்சூரன்ஸ் முடிந்த தேதிக்கு மேல் கரியால் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு கோடு. ஒன்பதாம் கோடு ஞாயிற்றுக்கிழமை.

அன்று ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி ஒரு காதுகுத்து. அடுப்புப் பிடிக்கவே கொஞ்சம் நேரமாகிவிட்டது. செருப்பைக் கழற்றினாள், துப்பட்டாவை முடிந்தாள், கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன். இரண்டு வேகத்தடையில் தூக்கிப் போட்டது. பிறகு நூல் மில் இரைச்சல் வந்து போனது. அது அடங்கின கொஞ்ச நேரத்தில் கார் ஒரு பக்கமாக வெட்டித் திரும்பியது. டப் என்று ஒரு சத்தம். காரின் பக்கத்தில் சரசரவென்று எதுவோ உரசிக்கொண்டு போனது. "ஐயோ" என்று ஒரு குரல் கேட்டது, உடனே பின்னால் போய்விட்டது. தேக்சா என் தோளில் சாய்ந்து சுட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது.

"என்னத்தா?"

"ஒன்னுமில்ல சாச்சி. மொபெட்டுல சோளத்தட்டை கட்டிட்டுப் போனாரு ஒருத்தரு. கட்டு உரசிருச்சு."

"ஆளு?"

"எந்திரிச்சிட்டாரு. கண்ணாடியில பாத்தேன்."

"நிறுத்திப் பாப்பமா?"

இதைச் சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்க மாட்டேன். "பந்தி உக்காந்திருக்கும் சாச்சி" என்றாள் அவள். நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் சோறு இறங்காது. மூடும்படி யாரும் சொல்லவில்லை அப்போது.

மண்டபத்தில் இறங்கியபோது இடது பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சோளத்தோகை ஒன்று சுற்றியிருந்தது. அவள் அதைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டு, ஓடிப்போய்த் தம்மை உடைத்தாள். பந்தி நேரத்துக்கு நடந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

மூன்றாம் நாள் போன் டிங் என்றது. ரீசார்ஜ் கடைப் பெண் படித்தாள். "ஞாயித்துக்கிழமை பெரியம்மா. ரெட்டியார்சத்திரம் ரோடு. பதினொன்னே முக்காலு." அந்த ரோடு, அந்த நேரம், என் பேர். மூன்றும் சேர்ந்து என் கைக்குள் இருந்தது. அந்த ஆள் செத்திருந்தால் என்னைக் கண்டுபிடிக்க வேறு எதுவும் வேண்டாம். அன்று பகல் முழுக்கத் தெருவில் பைக் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினேன்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். இடம் எது என்று எனக்குத் தெரியாதே. அதனால் பஸ்ஸிலும் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு வேகத்தடை வந்தது. நூல் மில் இரைச்சல் வந்தது. அது அடங்கியதும் கண்ணைத் திறந்து, நிறுத்தச் சொல்லி எழுந்து நின்றேன். கண்டக்டர் திட்டிக்கொண்டே இறக்கிவிட்டார். வாய்க்கால் ஓரத்தில் காய்ந்த சோளத்தோகை சிதறிக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை.

"வாங்க பாயம்மா, பஸ்ஸை விட்டுட்டீங்களா? உக்காருங்க" என்றாள் கடைக்காரி. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. உயிரோடு இருந்தார். எனக்கு அழுகை வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். கையில் என்ன என்று நான் கேட்கவில்லை. கடைக்காரியே சொன்னாள், ஒரு கார் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டதாம்.

"நம்பரைப் பாத்தீகளா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"எங்கிட்டுப் பாக்கிறது? தலைகுப்புற வாய்க்காலுக்குள்ள கெடக்கேன். வெள்ளை வண்டி, அம்புட்டுதான். ஆனா வாசம் வந்துச்சு பாருங்க. மட்டன் பிரியாணி வாசம்."

கடைக்காரி கலகலவென்று சிரித்தாள். "கை ஒடிஞ்ச நேரத்துலயும் மனுசனுக்கு மூக்கு எப்பிடி வேலை செஞ்சிருக்கு பாருங்க!"

"சிரிக்காத. கண்டா எனக்கு அடையாளம் தெரியாது. மோந்தா தெரியும்."

நான் பெஞ்சின் கோடிக்கு நகர்ந்தேன். எத்தனை துவைத்தாலும் என் சேலையில் பட்டையும் கிராம்பும் போகாது. காற்று என் பக்கமிருந்து அவர் பக்கம் வீசியது. முந்தானை முடிச்சில் முந்நூறு ரூபாய் கொண்டுபோயிருந்தேன், அவருக்குக் கொடுக்கத்தான். கொடுத்தால் யார் என்று தெரிந்துவிடும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, முடிச்சோடு திரும்பி வந்தேன்.

அவள் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"பேரை மாத்து ஆத்தா."

"எந்தப் பேரை?"

"வண்டி பேரை. இன்சூரன்ஸைக் கட்டு. கட்டுற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது. என் பேருல இருக்கு, நான் சொல்றேன்."

அவள் கை அரிசிக்குள் நின்றது. "சாச்சி, நீங்களா பேசுறீங்க?" என்று சிரிக்கப் பார்த்தாள்.

"அந்த மனுசன் கையில மாவுக்கட்டுப் போட்டிருக்காரு. நான் போயிப் பாத்துட்டு வாரேன்."

"எந்திரிச்சாரே. நான் பாத்தேனே."

"அந்தப் பக்கக் கண்ணாடி ஒடஞ்சு தொங்குச்சே, பின்னாடி தேக்சா மறைச்சிருக்கே. எதுல பாத்த?"

 களைந்த தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி, "பந்தி உக்காந்திருந்துச்சு சாச்சி" என்றாள். சின்னப்பிள்ளை சொல்வது போலச் சொன்னாள்.

கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள். நின்ற சலானை எல்லாம் கட்டினாள், இன்சூரன்ஸ் கட்டினாள். பேர் மாற்ற ஆபீசுக்குக் காரிலேயே போனோம். அன்று தேக்சா இல்லை. முன் சீட்டில் என்னை உட்காரச் சொன்னாள். கண்ணை மூடச் சொல்லவில்லை. வேகமே இல்லாமல் ஓட்டினாள், சைக்கிள் எல்லாம் முந்திப் போனது. அன்றுதான் அவள் ஓட்டுவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. மூச்சை அடக்கி அடக்கி விட்டாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கவனித்துக் கேட்டேன். நான் பின்னால் உட்கார்ந்து ஓதுகிற அதே ஆயத்து.

நான்கு வருஷமாக அவளுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

ஆபீசிலிருந்து நேராக டீக்கடைக்குப் போனோம். செருப்பு சீட்டுக்கு அடியில் கிடக்க, வெறுங்காலோடு இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். நான் காருக்குள்ளேயே இருந்தேன். அவர் கத்தியது ரோட்டுக்குக் கேட்டது. "போலீசுக்குப் போவேன், விடமாட்டேன்" என்றார். அவள் தலையைத் தொங்கவிட்டு நின்றாள். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தாள். என்னவோ மெல்லச் சொன்னாள். அது என்ன என்று எனக்குக் கேட்காமலே தெரியும், ஏனென்றால் அவர் சொன்ன பதில் காதில் விழுந்தது.

"பந்தி உக்காந்தா எந்திரிச்சுரும்மா. நான் எந்திரிச்சேனான்னு எறங்கி வந்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அவர் போலீசுக்குப் போகவில்லை. ஆனால் போவாரோ என்று மூன்று மாதம் நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சீக்கிரமே அடுப்பு மூட்டினாள், மெதுவாகவே ஓட்டினாள். நான் கண்ணைத் திறந்தபடி போனேன். போகும் வழியில் எங்கள் ஊர் மலைக்கோட்டை எந்தப் பக்கம் வருகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் கண் திறந்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். கண்ணாடியில் என்னைப் பார்ப்பாள், உடனே பார்வையை எடுத்துக்கொள்வாள். ஒரு நாள் தாளிச்சாத் தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு, "முட்டி வலியோட எதுக்கு அலையிறீங்க? வீட்டுல இருங்க சாச்சி. வேற பிள்ளையைச் சொல்லியிருக்கேன்" என்றாள். மறு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குள் இருந்தபடியே கார் கிளம்புகிற சத்தத்தைக் கேட்டேன். பழைய சத்தம். தெருமுனை திரும்பும்போது ஒரு கிறீச்.

என் போனில் மெசேஜ் வரவில்லை. இனி அது அவள் நம்பருக்குத்தான் போகும்.

அடுத்த வருஷம் தேனிப் பக்கம் அண்ணன் வீட்டோடு போய் அங்கேயே தொழில் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தாள். காரை அணைக்காமல் இறங்கினாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் பேசாமல் இருந்த நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மெசேஜ் வருதா ஆத்தா?"

"எனக்கு வந்தா சத்தமே கேக்காது சாச்சி. போனை அமுக்கித்தான் வச்சிருக்கேன்" என்று சிரித்தாள். "வாரேன்" என்பது தெருமுனையிலிருந்து கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மூன்று வருஷம் ஆகிறது. அந்தச் சின்ன போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சலான் இனி அதற்கு வராது என்று தெரிந்தும், ரீசார்ஜ் கடைப் பெண்ணிடம் மாதம் ஒரு தடவை நீட்டுவேன். "ஒன்னும் வரல பெரியம்மா" என்பாள். முன்னெல்லாம் அந்த டிங் சத்தம் வந்தால் நடுங்குவேன். வந்த நாளில், அவள் உயிரோடு ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதும் அதில் இருந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை.

மகளைப் பார்க்க பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம்தான் உட்காருகிறேன். வெள்ளைக் கார் ஏதாவது உறுமிக்கொண்டு முந்தினால் கண்ணை மூடுவதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள், "பாயம்மா, தலையை உள்ள இழுங்க" என்கிறார்கள். கார் வளைவில் மறைகிறவரை அந்தக் காற்றை மோந்து பார்க்கிறேன்.